பழைய வேனுக்கு எஞ்சின் மாற்றுவது: டீசலா, பெட்ரோலா?

(காட்டாங்குளத்தூர் ஒன்றியக் குழுக்களின் கூட்டமைப்புக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் சமையல் தொழில் செய்கிற ஒரு குழு ஒரு கேள்வி கேட்டார்கள். அவர்களிடம் ஒரு பழைய ஆம்னி வேன் இருக்கிறது. கல்யாணம், காதுகுத்து ஆர்டருக்குப் பாத்திரம் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். கண்காட்சிக்குப் போனால் ராத்திரி அதிலேயே பாய் விரித்துப் படுத்துக் கொள்கிறார்கள். இப்போது எஞ்சின் புகை தள்ளுகிறது, ஆயில் குடிக்கிறது. "பெட்ரோல் கட்டுப்படியாகலை, டீசல் எஞ்சினாகத் தூக்கிப் போட்டால் பாதி செலவு மிச்சம்" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதற்குக் குழுவில் 90,000 ரூபாய் உள்கடன் எடுக்கலாமா என்பதுதான் கேள்வி. கூடுவாஞ்சேரி பக்கம் எங்கள் வீட்டுப் பட்டறையின் கணக்கு நோட்டு பல வருஷமாக என் கையில் இருப்பதால் என்னைப் பேசச் சொன்னார்கள். நான் மெக்கானிக் இல்லை. ஆனால் எந்த வேலை எத்தனை ரூபாயில் ஆரம்பித்து எத்தனை ரூபாயில் முடிகிறது என்பது எனக்குத் தெரியும்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். எஞ்சின் மாற்றுவது நம்ம ஊருக்குப் புதுசு இல்லை. இரண்டாம் உலகப் போர் காலத்தில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தபோது சென்னை மாகாணத்தில் பஸ்ஸின் பின்னால் ஒரு பெரிய தொட்டி வைத்து, அடுப்புக்கரியை எரித்து, அதில் வருகிற வாயுவில் ஓட்டினார்கள். கரி பஸ் என்று பாட்டிமார்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1950-களில் சென்னை செம்பியத்தில் சிம்சன் கம்பெனி, இங்கிலாந்து பெர்க்கின்ஸ் கம்பெனியின் டீசல் எஞ்சின்களைச் செய்ய ஆரம்பித்தது. பெர்க்கின்ஸ் பி-6 எஞ்சின், பெட்ரோல் லாரிகளில் பழைய எஞ்சினை எடுத்துவிட்டு வைப்பதற்கே உலகம் முழுக்கப் பேர் வாங்கியது. பிற்பாடு பெட்ரோல் அம்பாசிடரில் மெட்டடோர் வேனின் டீசல் எஞ்சின், மகேந்திரா ஜீப்பில் டிராக்டர் எஞ்சின் என்று பட்டறைக்குப் பட்டறை மாற்றினார்கள். வாடகைக் கார் ஓட்டியவர்கள் பலர் அதில் பிழைத்தார்கள்.

கடல் தாண்டி யாழ்ப்பாணத்திலும் நடந்தது. 1990-களில் போர்க்காலப் பொருளாதாரத் தடையில் அங்கே பெட்ரோல் கிடைக்கவில்லை. பழைய ஆஸ்டின், மோரிஸ் கார்களில் சில சொட்டுப் பெட்ரோல் விட்டு ஸ்டார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். பழைய எஞ்சின், அழுத்தம் குறைவு, அதனால் தாங்கியது. இன்றைய வண்டியில் அதைச் செய்தால் எஞ்சின் கெட்டுப்போகும்.

ஆக முடியாத வேலை இல்லை. 90,000 ரூபாய் போட்டுச் செய்யலாமா என்பதுதான் நாம் பார்க்க வேண்டியது.

டீசலுக்கும் பெட்ரோலுக்கும் உள்ள வித்தியாசம் தெரிந்தால்தான் மெக்கானிக் சொல்லும் கணக்கு புரியும். பெட்ரோல் எஞ்சினில் பெட்ரோலும் காற்றும் கலந்து உள்ளே போகும், ஸ்பார்க் பிளக் தீப்பொறி வைக்கும். டீசலில் தீப்பொறி கிடையாது. காற்றை மட்டும் உள்ளே இழுத்து, பதினாறு பங்கு, இருபது பங்கு என்று நெருக்கி அமுக்கும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பு அடிப்பக்கம் சுடும் இல்லையா? அதே மாதிரி அமுக்கிய காற்று பயங்கரமாகச் சூடாகும். அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சி அடித்தால் தானாகவே பற்றிக்கொள்ளும். அவ்வளவு அழுத்தத்தைத் தாங்க வேண்டும் என்பதால் டீசல் எஞ்சின் கனமாக இருக்கும், அதிரும், சத்தம் போடும். ஆனால் மைலேஜ் கொடுக்கும். ஒரு லிட்டர் டீசலில் ஒரு லிட்டர் பெட்ரோலை விடச் சக்தியும் கொஞ்சம் கூடுதல்.

அதனால்தான் "எஞ்சினை மாற்றினால் போச்சு" என்பது சரியில்லை. எஞ்சினோடு கூட என்னென்ன மாறும் பாருங்க. எஞ்சின் உட்காரும் மவுண்டிங் மாறும். கியர் பாக்ஸோடு சேர்கிற இடம் பொருந்தாது, அதற்குத் தனியாகப் பிளேட் கடைய வேண்டும், இல்லாவிட்டால் கியர் பாக்ஸையே மாற்ற வேண்டும். கிளட்ச், ரேடியேட்டர், சைலன்சர் குழாய், டீசல் பில்டர், பெரிய பேட்டரி, பலமான ஸ்டார்ட்டர் எல்லாம் வரும். டேங்க்கைக் கழுவிப் புது லைன் இழுக்க வேண்டும். டீசல் எஞ்சின் பெட்ரோல் அளவுக்கு வேகமாகச் சுற்றாது. பின் அச்சில் இருக்கிற கிரவுன் பினியன் பழசாகவே இருந்தால் வண்டி ஜி.எஸ்.டி. சாலையில் 50-க்கு மேல் போகும்போதே கத்தும். முன் ஸ்பிரிங் கூடுதல் கனத்தில் இறங்கும்.

இதில் முக்கியமானது பிரேக். பல வண்டிகளில் பிரேக்குக்கு உதவி செய்ய ஒரு பூஸ்டர் இருக்கும். பெட்ரோல் எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது உண்டாகும் வெற்றிடத்தில்தான் அது வேலை செய்கிறது. டீசல் எஞ்சினில் அந்த வெற்றிடம் அப்படி வராது. அதற்குத் தனியாக வேக்குவம் பம்பு வேண்டும், பெரும்பாலும் டைனமோவோடு சேர்ந்து வரும். அதைப் போடாமல் விட்டால் எஞ்சின் நன்றாக ஓடும், பிரேக் கல்லு மாதிரி இருக்கும். வண்டலூர் மேம்பாலத்தில் இறங்கும்போது பத்துப் பேரை வைத்துக்கொண்டு நினைத்துப் பாருங்கள். கொட்டேஷனில் இந்த ஒரு வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள் என்று எங்கள் வீட்டுக்காரர் எப்போதும் சொல்வார்.

ஆம்னிக்கு வருவோம். அதில் 796 சி.சி. பெட்ரோல் எஞ்சின், முன் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. 1984-ல் மாருதி வேன் என்று வந்து, 2019-ல் தயாரிப்பு நின்றது வரை கம்பெனி அதில் டீசல் போட்டு விற்றதே இல்லை. எல்.பி.ஜி. வகைதான் விற்றது. மாருதி 2015-ல் 793 சி.சி. சின்ன டீசல் எஞ்சின் ஒன்றை செலேரியோ காரில் போட்டது. அதிர்வும் சத்தமும் இருந்தது, ஓடவில்லை. 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 விதி வந்தபோது டீசல் வண்டி விற்பதையே அந்தக் கம்பெனி விட்டுவிட்டது. கம்பெனியே சரிப்பட்டு வராது என்று விட்ட வேலையை, ஓட்டுநர் சீட்டுக்கு அடியில், பட்டறையில் வெல்டிங் வைத்துச் செய்வது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை.

சரி, ரூபாய்க் கணக்கு. எல்லோரும் நோட்டை எடுங்கள்.

"டீசல் பாதி விலை" என்று சொல்கிறவர்கள் பழைய காலத்தை நினைத்துச் சொல்கிறார்கள். 2012 மே மாதத்தில் சென்னையில் பெட்ரோல் 77 ரூபாயைத் தாண்டியது, டீசல் 44 ரூபாய் பக்கம் இருந்தது. 33 ரூபாய் வித்தியாசம். காரணம், பெட்ரோல் விலைக் கட்டுப்பாட்டை அரசு 2010 ஜூனிலேயே எடுத்துவிட்டது. டீசலுக்கு 2014 அக்டோபரில்தான் எடுத்தது. அந்த நாலு வருஷத்தில் டீசல் வண்டி வாங்கினவர்கள் எல்லாம் கெட்டிக்காரர்களாகத் தெரிந்தார்கள். 2024 மார்ச்சில் விலை குறைத்த பிறகு சென்னையில் பெட்ரோல் 100 ரூபாய் சொச்சம், டீசல் 92 ரூபாய் சொச்சம் என்று வந்தது. வித்தியாசம் எட்டு ரூபாய்தான். கணக்கு போடும் அன்றைக்கு நம்ம பங்க்கில் போர்டைப் பார்த்து அன்றைய விலையை எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு உதாரணம். பெட்ரோல் வேன் லிட்டருக்கு 14 கிலோமீட்டர், டீசல் மாற்றினால் 18 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பெட்ரோல் 101 ரூபாய் என்றால் கிலோமீட்டருக்கு 7 ரூபாய் 20 பைசா. டீசல் 92 ரூபாய் 50 பைசா என்றால் கிலோமீட்டருக்கு 5 ரூபாய் 14 பைசா. மிச்சம் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 2 ரூபாய்.

இப்போது கேள்வி கேட்ட குழுவின் வேன் மாதத்துக்கு எவ்வளவு ஓடுகிறது? அவர்கள் எழுதி வைத்திருந்த ஆர்டர் நோட்டைப் பார்த்தோம். மறைமலைநகர், பொத்தேரி, சிங்கப்பெருமாள்கோவில், அதிகம் போனால் தாம்பரம். எல்லாம் சேர்த்து 500 கிலோமீட்டருக்குப் பக்கத்தில். ஆக டீசலில் மாதம் 1,000 ரூபாய் மிச்சம்.

கடன் 90,000. குழு வட்டி நூற்றுக்கு ஒரு ரூபாய். முதல் மாத வட்டியே 900 ரூபாய். மிச்சம் பிடித்த 1,000 ரூபாயில் 900 வட்டிக்குப் போனால் அசலுக்குப் போவது 100 ரூபாய்! அந்த மிச்சத்தை மட்டும் கட்டிக்கொண்டே போனால் கடன் தீர 19 வருஷம் ஆகும். (கூட்டத்தில் சிரிப்பு.) சிரிக்கிறீர்கள், ஆனால் கால்குலேட்டரில் தட்டிப் பாருங்கள்.

அதே வேன் மாதம் 1,000 கிலோமீட்டர் ஓடினால் மிச்சம் 2,000. அப்போது ஐந்து வருஷம். 2,500 கிலோமீட்டர் ஓடினால் 5,000 ரூபாய் மிச்சம், 20 மாதத்தில் கடன் முடியும். தினசரி ஸ்கூல் டிரிப், கம்பெனி ஷிப்ட் டிரிப் அடிக்கிற வண்டிக்கு டீசல் ஏன் சரிப்பட்டது என்று இதிலிருந்து புரியும். வாரத்துக்கு மூன்று நாள் நிற்கிற வண்டிக்கு அது பொருந்தாது. இத்தனைக்கும் நான் டீசல் பம்பு, இன்ஜெக்டர் சர்வீஸ் செலவைச் சேர்க்கவில்லை. அது பழுதானால் நம்ம தெரு மெக்கானிக்கால் ஆகாது, பம்பு கடைக்குத்தான் போக வேண்டும். ஒரு தடவை திறந்தாலே ஆயிரக்கணக்கில் பில் வரும். ஐந்து வருஷம் கழித்து அந்த வேனின் பாடி இருக்குமா என்பது வேறு கேள்வி. அடித்தகடு துருப்பிடித்த வண்டிக்கு எந்த எஞ்சினும் வைக்க வேண்டாம்.

பணக் கணக்கை விடப் பெரிய விஷயம் ஆர்.சி. புக். இதைக் கவனமாகக் கேளுங்கள்.

அனுபவமுள்ள மெக்கானிக் அண்ணன்மார்கள் "அந்தக் காலத்தில் நாங்கள் எத்தனை அம்பாசிடருக்குப் போட்டோம்" என்பார்கள். அது உண்மை. ஆனால் சட்டம் மாறிவிட்டது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆம் பிரிவை 2000-ஆம் ஆண்டில் திருத்தினார்கள். கம்பெனி முதலில் குறிப்பிட்ட விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று வந்தது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதியாகச் சொல்லிவிட்டது. அனுமதி இல்லாமல் மாற்றினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று 2019 திருத்தத்தில் சேர்த்தார்கள். ஆகவே பெட்ரோல் என்று பதிவான ஆம்னியில் வேறு கம்பெனி டீசல் எஞ்சினை வைத்துவிட்டு, எப்.சி.க்குக் கொண்டுபோய் நிறுத்தினால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். பணம் போட்ட பிறகு போய் நிற்பதை விட, முன்னாடியே செங்கல்பட்டு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுவிடுங்கள். வாய்ச்சொல் வேண்டாம்.

இதே எஞ்சின், இதே கம்பெனி, இதே வகை என்றால் வழி இருக்கிறது. அனுமதி வாங்கி மாற்றி, மாற்றின 14 நாளைக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து, புது எஞ்சின் நம்பரை ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். புதுப்பேட்டையில் பழைய எஞ்சின் வாங்கப் போகிறீர்கள் என்றால் பில் இல்லாமல் வாங்காதீர்கள். எந்த வண்டியிலிருந்து எடுத்தது, அந்த வண்டியின் ஆர்.சி. ரத்தானதா என்பதற்குக் காகிதம் கேளுங்கள். திருட்டு வண்டியின் எஞ்சின் நம்பர் நம்ம வண்டியில் இருந்தால் போலீசுக்குப் பதில் சொல்வது நாம்தான்.

நாம் என்றால் யார்? இங்கேதான் குழுக்கள் யோசிப்பதில்லை. பணம் பன்னிரண்டு பேருடையது, ஆர்.சி. ஒருவர் பேரில். விபத்து நடந்தால் நோட்டீஸ் வருவது அந்த ஒருவர் வீட்டுக்கு. ஆர்.சி.யில் பெட்ரோல், உள்ளே டீசல் என்றால் இன்சூரன்ஸ் கம்பெனி நம்ம வண்டிக்கான பணத்தை மறுக்கலாம். அடிபட்டவருக்குக் கொடுத்த நஷ்ட ஈட்டைக் கூட நம்மிடம் திருப்பிக் கேட்டு வழக்குப் போடலாம். அந்த அக்காவின் நிலத்தையும் வீட்டையும் பணயம் வைத்து மாதம் ஆயிரம் ரூபாய் மிச்சம் பிடிக்க வேண்டுமா? எஞ்சின் வேலைக்குத் தீர்மானம் எழுதும்போது, ஆர்.சி. யார் பேரில் இருக்கிறது, அவருக்கு வரும் செலவைக் குழு பங்கிட்டுக் கொள்ளும் என்பதையும் தீர்மான நோட்டில் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள்.

அப்புறம் என்னதான் செய்வது என்றால், முதலில் எஞ்சினைச் சோதியுங்கள். நாலு பேர் சொன்னார்கள் என்று எஞ்சினைக் கழற்ற வேண்டாம். கம்ப்ரஷன் டெஸ்ட் என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு சிலிண்டரிலும் மீட்டர் வைத்து அழுத்தம் பார்ப்பார்கள். அழுத்தம் குறைந்த சிலிண்டரில் ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி பார்த்தால், ஏறினால் ரிங் போயிருக்கிறது, ஏறாவிட்டால் வால்வு. நீலப் புகை ஆயில் எரிவது. கறுப்புப் புகை எரிபொருள் அதிகம் போவது, அது சில சமயம் கார்புரேட்டர் வேலையோடு முடிந்துவிடும். வால்வு சீல் மட்டும் தேய்ந்திருந்தால் முழு எஞ்சின் வேலையே தேவையில்லை. ரிங், பிஸ்டன், போர் வேலை என்றாலும் மூன்று சிலிண்டர் ஆம்னிக்கு உதிரி பாகம் எல்லா ஊரிலும் கிடைக்கிறது, வேலை தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். மறைமலைநகரில் 1999-ல் ஐகான் காரோடு ஆரம்பித்து 2022-ல் உற்பத்தி நின்றது வரை போர்டு தொழிற்சாலை பெட்ரோல், டீசல் எஞ்சின் இரண்டும் செய்தது. நம்ம ஒன்றியத்தில் எஞ்சின் பிரித்துச் சேர்க்கத் தெரிந்த பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. இரண்டு இடத்தில் எழுத்து மூலம் கொட்டேஷன் வாங்குங்கள். எந்தெந்த பாகம், கடைசல் கூலி எவ்வளவு, எத்தனை மாத உத்தரவாதம் என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். "மொத்தமாப் பார்த்துக்கலாம் மேடம்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

பெட்ரோல் எஞ்சினைச் சரி செய்த பிறகும் எரிபொருள் செலவு பாரமாக இருந்தால், சி.என்.ஜி. அல்லது எல்.பி.ஜி. கிட் போட சட்டத்தில் இடம் இருக்கிறது. அங்கீகாரம் பெற்ற கிட், அங்கீகாரம் பெற்ற கடை, ஆர்.சி.யில் பதிவு, மூன்றும் வேண்டும். சி.என்.ஜி. சிலிண்டரை மூன்று வருஷத்துக்கு ஒரு முறை அழுத்தச் சோதனை செய்ய வேண்டும். செங்கல்பட்டு மாவட்டத்தில் சி.என்.ஜி. பங்குகள் வந்துவிட்டன. ஆனால் பின்னால் சிலிண்டர் உட்காரும் இடம் பாத்திரம் வைக்கிற இடம். அதை அளந்து பார்த்துக்கொள்ளுங்கள். தேய்ந்த எஞ்சினில் கிட் போடுவது வீண், அது வேறு.

ஆனால் ஒன்று. வீட்டுச் சமையல் சிலிண்டரை வேனில் மாட்டி ஓட்டுவதை எந்தக் குழுவும், எவ்வளவு மலிவாக இருந்தாலும் செய்யக் கூடாது. சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம். சமையல் சிலிண்டர் வண்டியின் குலுக்கலுக்குச் செய்ததல்ல. கசிந்தால் மூடிய ஆம்னிக்குள் தரையோடு தங்கும், ஒரு சுவிட்ச் பொறி போதும். அப்படி எரிந்த வேன்களின் செய்தியைப் பேப்பரில் எத்தனை தடவை படித்திருக்கிறோம். ஸ்கூல் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அப்படி ஓட்டினவர்களும் உண்டு.

கண்காட்சியில் வேனிலேயே தூங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பெட்ரோலோ டீசலோ, எஞ்சினை ஓடவிட்டுக் கண்ணாடியை ஏற்றிப் படுக்காதீர்கள். பெட்ரோல் புகையில் கார்பன் மோனாக்சைடு அதிகம், வாசனையே தெரியாது, தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும். உள்ளே ஸ்டவ் பற்றவைத்தாலும் அதே ஆபத்து. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-ல் அறிவித்தது. எஞ்சின் மாற்றின வண்டியில் தரைத்தகட்டை வெட்டியிருப்பார்கள். அந்த ஓட்டையைச் சரியாக அடைக்கவில்லை என்றால் புகை நேரே பாய்க்குத்தான் வரும்.

நான் பேசி முடித்ததும் மூன்று கேள்விகள் வந்தன. பதிலோடு போடச் சொன்னார்கள்.

"டெல்லியில் பத்து வருஷ டீசல் வண்டியைப் பிடிக்கிறார்களாமே, இங்கேயும் வருமா?" என்று ஒரு ஊக்குநர் கேட்டார். 2015-ல் பசுமைத் தீர்ப்பாயம் போட்ட உத்தரவு, 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அது டெல்லி வட்டாரத்துக்குப் போட்டது, தமிழ்நாட்டுக்கு அல்ல. இங்கே பழைய வண்டிக்குப் பசுமை வரியும், எப்.சி.யும் இருக்கிறது. 15 வருஷம் தாண்டின வண்டிக்குப் புதுப்பிக்கும் கட்டணத்தை 2022 ஏப்ரல் முதல் நாடு முழுக்க நிறைய ஏற்றிவிட்டார்கள். எஞ்சினுக்குச் செலவழிக்கும் முன்னே ஆர்.சி. எந்தத் தேதியில் முடிகிறது என்று பாருங்கள்.

"எங்கள் குழுவிடம் இருப்பது பழைய டீசல் டெம்போ டிராவலர். அதில் பெட்ரோல் எஞ்சின் வைத்தால் சத்தம் குறையுமா?" என்றார் ஒரு தங்கச்சி. சத்தம் குறையும், மைலேஜும் சேர்ந்து குறையும். அந்தக் கனத்தை இழுக்க பெட்ரோல் எஞ்சின் குடிக்கிற குடிக்கு நம்ம குழுவின் சந்தா தாங்காது. சட்டச் சிக்கலும் அதேதான். அந்த வண்டிக்கு அதே வகை டீசல் எஞ்சினை ரிங், பிஸ்டன், பம்பு வேலை பார்த்து வைத்துக்கொள்வதுதான் நல்லது.

கடைசியாக, சமையல் குழுவின் பிரதிநிதி "அப்போ 90,000 கடன் கேட்கிறதா, வேண்டாமா?" என்று நேராகவே கேட்டுவிட்டார். டீசலுக்காக என்றால் வேண்டாம் என்றேன். கம்ப்ரஷன் டெஸ்ட் ரிப்போர்ட், இரண்டு கொட்டேஷன், ஆர்.சி. நகல், இன்சூரன்ஸ் நகல், மூன்று மாத கிலோமீட்டர் கணக்கு, இவ்வளவையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். பெட்ரோல் எஞ்சின் வேலைக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவுக்கு மட்டும் கடன் விண்ணப்பத்தை எழுத நான் கூட உட்காருகிறேன். மீட்டர் கேபிள் அறுந்து கிடக்கிறதாம் அந்த வேனில். அதை முதலில் மாட்டுங்கள் அக்கா.